வேட்பாளருக்குத் துணை

தேர்தலில் நிற்கும் பிரேம் கடைக்காரர் பணப்பெட்டி வாங்கிவிட்டார் என்றுதான் பேச்சு கிளம்பியது. மதியத்துக்குள் பெட்டி இரண்டாகிவிட்டது. முடிதிருத்தும் கடையில் விசாரித்தபோது, ஒன்று ஆளுங்கட்சி கொடுத்தது, மற்றது எதிர்க்கட்சி கொடுத்தது, அடுத்தவன் ஓட்டைப் பிரிக்கச் சொல்லித்தான் இருவருமே கொடுத்தார்கள் என்று விளக்கமும் கிடைத்தது. பெட்டியைக் கண்ணால் பார்த்தது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்துக் கடையைக் கைகாட்டினார்கள். அப்படியே நடந்தால் கடைசியில் பிரேம் கடைக்கே போய்ச் சேர வேண்டியிருந்தது.

அங்கே பெட்டி இல்லை. கண்ணாடி வெட்டும் மேஜை, மரச் சட்டங்கள், ஆணி டப்பா, சுவரோரம் சாய்ந்து நிற்கும் சில தலைவர் படங்கள். தேர்தல் முடிந்தால் அலுவலகங்களிலிருந்து ஆள் வரும். பழைய தலைவரைக் கழற்றி, அதே சட்டத்தில் புதியவரை மாட்டி வாங்கிப் போவார்கள். கழற்றிய தலைவரை யாரும் திரும்பக் கேட்டதில்லை.

வாசலில் ஒரு நாற்காலி. அதில் துப்பாக்கியோடு ஒரு காவலர். விஷயம் அவரிடம்தான் இருந்தது.

கடைக்காரர் நாடாளுமன்றத்துக்கு நிற்பது இது இரண்டாம் முறை. முதல் முறை கோபத்தில் நின்றார். கடைக்கு எதிரே திறந்து கிடக்கும் சாக்கடையில் அவர் மனைவி விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருந்தாள். சாக்கடைக்கும் நாடாளுமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களிடம், "வேற எந்த எலெக்‌ஷன் இப்போ நடக்குது?" என்றார். அந்த வருஷம் எங்கேயோ ஒரு வேட்பாளர் மேல் யாரோ கல்லை எறிந்துவிட, எல்லா வேட்பாளருக்கும் முடிவு வரும்வரை ஒரு காவலர் என்று உத்தரவு வந்தது. இவருக்கும் ஒருவர் வந்தார்.

"யாருகிட்டேர்ந்து இவரைக் காப்பாத்த வந்திருக்கீங்க? என்கிட்டேர்ந்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் மனைவி அந்தக் காவலருக்குத் தட்டு வைத்தாள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். மகள் கடல் கடந்த ஊரில். மாடியில் இரண்டு அறை, ஒரு மனிதன். பேச்சு பழக்கம் விட்டுப்போய், கடைக்கு யாராவது வந்தால் முதல் வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. அப்போது தேர்தல் அறிவித்தார்கள். உத்தரவு இன்னும் அமலில்தான் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போய் மனுத் தாக்கல் செய்தார்.

கேட்டவர்களுக்கெல்லாம் சாக்கடை என்றார். பொய்யில்லை, முழு உண்மையுமில்லை.

இந்த முறை வந்த காவலர் நல்ல பிள்ளை. கூடவே சாப்பிட்டார், முன்னறையில் படுத்துக் குறட்டை விட்டார். கடைக்காரர் அந்தக் குறட்டையைக் கேட்டபடியே நிம்மதியாகத் தூங்கினார்.

"ஐயா, உங்களை யாரு என்ன பண்ணப் போறாங்க?" என்றார் காவலர் ஒருநாள்.

"சத்தமாச் சொல்லாதே தம்பி. மேல தெரிஞ்சா உன்னை அனுப்பிடுவாங்க."

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று காலையில் வட்டச் செயலாளர் வந்தார்.

"அண்ணே, போன தடவை எங்காளு கொசுறு ஓட்டுல தோத்தாரு. அந்தக் கொசுறு உங்ககிட்ட இருந்துச்சு."

"அதுக்கு?"

"ஒதுங்கிக்கோங்க. இந்த வாரமே சிலாப் போட்டுச் சாக்கடையை மூடிடறோம். உங்க வாக்குறுதி, ஜெயிக்காமலே நிறைவேறுது. யாருக்குக் கிடைக்கும் இந்த அதிர்ஷ்டம்?"

தெருவே கடை வாசலில் கூடிவிட்டது. மருந்துக்கடைக்காரர், "இதைத்தானே கேட்டீங்க? தூக்கிக் கொடுக்கிறாங்க, வாங்கிக்கோங்க" என்றார். அதற்குள் மகளும் போனில் வந்துவிட்டாள். "அப்பா, பெட்டி வாங்கினியாமே? திருப்பிக் கொடுத்துட்டுப் பேசாம இருப்பா."

கூட்டம் கலைந்ததும் காவலர் உள்ளே வந்தார்.

"வாபஸ் வாங்கிடுங்கய்யா. வீட்டுல நிறைமாசம். நீங்க கையெழுத்துப் போட்டா நான் இன்னைக்கே கிளம்பிடுவேன்."

இதை இவர் எதிர்பார்க்கவில்லை. குறட்டை விடுகிறவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே ஒருத்தி காத்திருப்பாள் என்பது ஏனோ தோன்றவே இல்லை. வாயில் வந்தது வேறு.

"மூடினாப் போதுமா தம்பி? தூர் வார வேணாமா? கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல."

காவலர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இருக்கும்ங்கய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். மூன்று மணி ஆயிற்று, கெடு முடிந்தது. அன்று இரவு காவலர் படுக்கையை வாசலிலேயே விரித்துக்கொண்டார். மறுநாள் மனுக் கொடுத்து மாற்றல் வாங்கிப் போனார்.

புதிதாக வந்தவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனையே பார்த்தார். சொந்தச் சாப்பாட்டைச் சொந்த டப்பாவில் கொண்டுவந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றார். "ஒரு வாய் சூடா..." என்று கடைக்காரர் ஆரம்பித்தால், "டூட்டிங்கய்யா" என்றார். தெருவிலும் யாரும் கடைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. கிடைக்க இருந்த சிலாப்பைக் கெடுத்தவர் என்று ஆகிவிட்டிருந்தது. வேட்பாளர் தினமும் கடைத்தெருவைச் சுற்றி வந்தார். பின்னால் காவல் வந்தது, வேறு யாரும் வரவில்லை.

எண்ணிக்கை நாளில் கூடத்துக்குள் மேஜை மேஜையாக இவர் பின்தங்கிக்கொண்டே போனார். சொந்தத் தெருவின் ஓட்டுப் பெட்டியிலும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வெளியே வந்து மதிலோரம் நின்றார். காவலர் முதல்முறையாகக் காதிலிருந்து ஒயரைக் கழற்றினார்.

"டீ சாப்பிடுறீங்களாய்யா?"

கடைக்காரர் பையைத் துழாவுவதற்குள் அவரே இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டார்.

"எங்க ஓட்டு உங்களுக்கில்ல. நான் வேற தொகுதி" என்றார், ஆறுதல் போல.

"பரவாயில்லை தம்பி. அடுத்த டீ என் கணக்கு."

"சரிங்கய்யா."

அதற்குள் வெடிச்சத்தம். யாரோ ஜெயித்துவிட்டார். காவலர் ஒரு தாளை நீட்டினார். பாதுகாப்புத் திருப்தி என்று கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். வேன் வந்து காவலர்களை அள்ளிக்கொண்டு போனது.

ஒரு வாரம் பொறுத்துக் காவல் நிலையத்துக்குப் போனார். வாசலில் நின்றவர் விசாரித்தார்.

"எந்தக் காவலர்? பேரு என்ன?"

கேட்டு வைக்கவில்லை. "காதுல ஒயர் மாட்டியிருப்பார்."

"இங்க எல்லாருமே மாட்டியிருக்காங்க பெரியவரே. என்ன விஷயம்?"

"ஒரு டீ தரணும்."

"அவ்வளவுதானா? எனக்கு வாங்கிக் கொடுங்க, கணக்கு தீர்ந்துடும்."

கடைக்காரர் தலையை ஆட்டி, "இல்லைங்க. அது அவருக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினார்.

அந்த டீ இன்னும் பாக்கி.