கணுக்கால் நூல்

என் கணுக்காலைச் சுற்றிய நூலில் முடிச்சு எட்டாமல் போனதைப் பார்த்தபோது டிரெஸ்ஸர் ஐயா ஏன் சிரித்தார்? எனக்குத் தைரியம் சொல்லவா, அல்லது தான் நினைத்தது பலிக்கிறது என்ற மகிழ்ச்சியிலா? ஒரு வருடமாக இதை நினைத்துப் பார்க்கிறேன். விடை கிடைக்கவில்லை.

சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் செங்கல் சூளைக்காரர்கள் குடியிருக்கும் இரண்டு வரிசை வீடுகள் உண்டு. கிழக்கு வரிசையில் ஆறு வீடு, மேற்கு வரிசையில் ஆறு வீடு. என் வீட்டுக்காரர் சூளையில் கணக்கெழுதும் கிராணி என்பதால் கிழக்கு வரிசையின் முதல் வீடு எங்களுக்கு. டிரெஸ்ஸர் ஐயா ஆஸ்பத்திரியில் காயம் கட்டுபவர், மருந்து கலப்பவர். சூளை முதலாளியின் அனுமதியோடு அவர் எங்களிடம் வந்தார். முதலாளி எங்களுக்கு அளக்கும் அரிசியில் ஒரு வரிசைக்குச் சயாமிலிருந்து வரும் வெள்ளையரிசி, மற்றதற்கு நாங்கள் எப்போதும் உண்ணும் புழுங்கலரிசி. எதைச் சாப்பிட்டால் உடம்பில் தெம்பு கூடுகிறது என்று பார்க்கவேண்டும் என்றார். யார் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று தினமும் எழுதிவைக்கும் வேலை எனக்கு. பெண்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவர் சொன்ன முறை எனக்குப் பிடித்திருந்தது. "இரண்டு அரிசியும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டே தொடங்குவோம், அம்மா. தற்செயலாக வரமுடியாத அளவுக்கு வித்தியாசம் தெரிந்தால்தான் அந்த எண்ணத்தைக் கைவிடவேண்டும்" என்றார். எந்த வரிசைக்கு எது என்பதைத் தானே முடிவுசெய்தால் ஓரவஞ்சனை வந்துவிடும் என்று, அம்மன் படத்துக்கு முன் திருவுளச்சீட்டுப் போடச் சொன்னார். என் மூன்று வயது மகன் சீட்டை எடுத்தான். எங்களுக்கு வெள்ளையரிசி விழுந்தது. எதிர்வரிசை அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கிராணியம்மா வூட்ல இனிமே தெனமும் தீவாளிதான்! எங்களுக்கு அதே பழைய சோறு" என்று சிரித்தாள். என் பிள்ளையின் கை ராசியானது என்று நானும் பெருமைப்பட்டேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளை நூல். முதல் நாள் கணுக்காலைச் சுற்றி, சுற்று வந்து சேரும் இடத்தில் அடையாளமாக ஒரு முடிச்சுப் போட்டு, கழற்றி வைத்துக்கொண்டார். வாரம் ஒருமுறை வந்து அதே நூலைச் சுற்றுவார். ஏழாவது வாரம் என் கால் வீங்கியிருந்தது, முடிச்சு எட்டவில்லை. அன்றுதான் அவர் சிரித்தார். "பயப்படாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். நானும் எழுதினேன்.

அடுத்த வாரம் என் கைக்குழந்தை அழுதபோது சத்தம் வரவில்லை. வாய் திறந்திருந்தது, முகம் சிவந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு டிரெஸ்ஸர் ஐயாவின் வீட்டுக்கு ஓடினேன். அவர் இல்லை. அவர் மனைவி முறத்தில் புழுங்கலரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு வெள்ளையரிசி பிடிக்காதா என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டேன். "எனக்கு ஆசைதான். இவருதான் அத வீட்டுக்குள்ளயே விடக்கூடாதுன்னுட்டாரு. காலு வீங்குமாம், பால்குடிக்கிற புள்ளைக்கும் ஆகாதாம்" என்றாள். அவள் மடியிலும் ஒரு குழந்தை இருந்தது. அது நன்றாகக் கத்தி அழுதது.

அவர் வந்ததும் கேட்டேன். அவர் தலைகுனியவில்லை. "அது சந்தேகம்தான் அம்மா, நிச்சயமில்லை. முன்னமே சொல்லியிருந்தால் நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். சோதனை கெட்டுப்போயிருக்கும். இன்னும் எட்டு வாரம்தான்" என்றார். என் மகளைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். அவர் கையில் நான் எழுதிய நோட்டுப் புத்தகம் இருந்தது.

அன்று மாலையே எங்கள் வரிசைப் பெண்களிடம் உண்மையைச் சொன்னேன். முதலாளி கொடுக்கும் அரிசியை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. அதனால் வேறொன்று செய்தோம். எதிர்வரிசைக்குப் போய், வெள்ளையரிசி எங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, படிக்குப் படி மாற்றிக்கொள்வோமா என்று கேட்டோம். அக்கா தன் புழுங்கலை அப்படியே என் பானையில் கொட்டினாள். "அடிச்சுது யோகம்! பூப்போல சோறு, அத வேணாங்குறியே புள்ள" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் மாற்றிக்கொள்வாளா? நோட்டில் மட்டும் பழையபடியே எழுதினேன். எங்களுக்கு வெள்ளை, அவர்களுக்குப் புழுங்கல்.

எங்கள் வரிசையில் முடிச்சுகள் திரும்பச் சேர்ந்தன. எதிர்வரிசையில் விலகின. என் நோட்டை நம்பி எல்லா வாரங்களையும் சேர்த்துப் பார்த்த டிரெஸ்ஸர் ஐயா, இரண்டு வரிசையிலும் வீக்கம் சமமாக வந்ததால், இரண்டு அரிசியும் ஒன்றுதான், தன் சந்தேகம் தவறு என்று முதலாளிக்கு எழுதிக்கொடுத்தார். அவர் முகம் மிகவும் வாடியிருந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கெடுதல் இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டதால், மொத்தமாக வாங்கினால் மலிவு என்று முதலாளி பன்னிரண்டு வீட்டுக்கும் வெள்ளையரிசியையே அனுப்பத் தொடங்கினார்.

என் மகள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அழுதால் தெருமுனைவரை கேட்கும். தேக்கா சந்தையில் வாங்கிய புழுங்கலைத்தான் எங்கள் வீட்டில் சமைக்கிறேன். ஏதோ சாக்குச் சொல்லி, தினமும் ஒரு செம்புக் கஞ்சி அக்காவுக்குக் கொடுக்கிறேன். அதற்குமேல் செய்யத் துணியவில்லை. அவள் சுவரைப் பிடிக்காமல் நடப்பதில்லை. நேற்று என் வாசலில் கால்நீட்டி உட்கார்ந்தாள். "படிச்சவளே, இது என்ன நோவுன்னு உன் புஸ்தகத்துல எதுலயாச்சும் போட்டிருக்கா?" என்று கேட்டாள். நான் உள்ளே போய்விட்டேன்.

என்னை ஏமாற்றியவர் செய்ததையே நானும் செய்தேன். அவர் தெரிந்துகொள்வதற்காகச் செய்தார், நான் என் பிள்ளைக்காகச் செய்தேன். எங்கள் இருவரில் யார் மோசம் என்று நான் கேட்கவில்லை. அந்த நூல் இன்னும் என் அரிசிப் பானையின் கழுத்தில் கட்டியிருக்கிறது. நோட்டில் பொய் எழுதினேன் என்று டிரெஸ்ஸர் ஐயாவிடம் ஒப்புக்கொண்டால் பன்னிரண்டு வீட்டு அரிசியும் மாறலாம். என் வீட்டுக்காரரின் வேலையும் போகலாம். சொல்லத்தான் வேண்டும், அது எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் போவதற்கு முன் அக்காவின் வாசலைத் தாண்டவேண்டும். இதைப் படிக்கும் தாய்மார்களே, அவள் முகத்தைப் பார்த்து முதலில் எந்த வார்த்தையைச் சொல்வது? எனக்கு எழுதுங்கள்.