முதல் அழைப்பு ஹாஜியாருக்கு

பாலாவிச் சந்தியில் ஒரு கதை உலவியது. டயர் கடை மாடியில் கம்பனி நடத்தும் மஹ்ரூப், வேலை கேட்டு வந்த ஒரு பெண்பிள்ளையை, சரியான பதில் சொன்ன குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பிவிட்டாராம். கதை முந்தலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதில் அந்தப் பிள்ளை கணினியையும் உடைத்திருந்தாள். உடைந்த கணினியையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று மாடி ஏறினேன். கணினி நன்றாகவே இருந்தது. கதையின் மற்றப் பாதியை மஹ்ரூப்பே மறைக்காமல் சொன்னார்.

தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்தவர் மஹ்ரூப். அகதி முகாமில் படித்து, கத்தாரில் எட்டு வருடம் கணினி வேலை பார்த்து, திரும்பி வந்து கம்பனி தொடங்கினார். இறால் குளத்தில் ஒட்சிசன் குறைந்தால் போனில் கூப்பிட்டுச் சொல்லும் கருவி அவருடையது. புரோகிராமும் அவரே எழுதியது. மூன்று பண்ணைக்காரர்கள் வாங்கினார்கள். இருவர் இறாலை இழந்ததும் கருவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிஞ்சியவர் முந்தல் நௌஃபர் ஹாஜியார், ஆறு குளத்துக்காரர். அவருடைய குளம் ஒன்றும் ஒரு வெள்ளிக்கிழமை செத்தது. இன்னொன்று செத்தால் கருவியைப் பிடுங்கிக் களப்புத் தண்ணீரில் எறிவேன் என்று சொல்லிவிட்டார். அவரும் போனால் மாடியில் டயர் வாசம் மட்டும்தான் மிஞ்சும்.

அதனால்தான் மஹ்ரூப் ஒரு மென்பொருள் பொறியியலாளரைத் தேடினார். எப்படிப்பட்டவர் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பட்டம் பிறகு, இங்கிலீஷ் அதற்கும் பிறகு. சின்னக் கம்பனிக்கு வேண்டியது முதலாளியின் முகத்துக்கு நேரே பிழை சொல்லும் ஆள். அதற்கென்று பரீட்சையும் வைத்தார். தன் புரோகிராமில் ஒரு பக்கத்தை அச்சடித்து, வேண்டுமென்றே ஒரு பிழையைச் செருகி, குறை சொல்லுங்கள் என்று நீட்டுவார்.

நான்கு பையன்கள் வந்தார்கள். மூவர் பிழையைக் கண்டு, அதை அச்சு மெஷினின் தலையில் போட்டார்கள். நாலாவது இன்ஷாப். தாளைத் தொடவே இல்லை.

"உங்கட வேலையில பிழ பிடிக்க நான் ஆரு சேர்?"

ஐந்தாவதாக வந்தவள் கண்டக்குழி ஸும்றா. வாப்பா கடலுக்குப் போகிறவர். செருகிய பிழையை ஐந்து நிமிடத்தில் பிடித்தாள். மஹ்ரூப் மகிழ்ந்து தாளை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. செருகாத பிழைக்குப் போய்விட்டாள்.

ஒட்சிசன் குறைந்தால் கருவி முதலில் ஹாஜியாரைக் கூப்பிடும். அவர் எடுக்கும்வரை வேறு எவரையும் கூப்பிடாது. முதலாளிக்கு முன்னால் காவற்காரருக்குச் செய்தி போவது மரியாதை இல்லை என்று மஹ்ரூப் எழுதிவைத்த ஒழுங்கு அது. அந்த வெள்ளிக்கிழமை கடைசிக் குளத்தில் காற்று ஏற்றும் மோட்டர் நின்றபோது ஹாஜியார் ஜும்ஆத் தொழுகையில் இருந்தார், போனை அணைத்துவிட்டு. கருவி அவரை முப்பத்தொரு தரம் கூப்பிட்டிருக்கிறது. காவற்காரர் பெனடிக்ட் முதல் குளத்தங்கரையில் அதே நேரம் தன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காவல்காரருக்கு முதல்ல போன் அடிக்கணும் சேர். ஹாஜியாரா தண்ணிக்குள்ள இறங்கப் போறார்?" என்றாள் ஸும்றா.

எழுதியவர் அனுபவசாலி என்று மஹ்ரூப் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப அவர் இறால் கண்டிருக்க மாட்டார். ஆரு அவர்?"

முடிவைப் போனில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். வேலை இன்ஷாபுக்குக் கிடைத்தது.

இன்ஷாபுக்குக் கொடுத்த முதல் வேலை, ஸும்றா அந்தத் தாளில் பென்சிலால் எழுதிவிட்டுப் போன திருத்தத்தைப் புரோகிராமில் ஏற்றுவது. அடுத்த மாதமே இன்னொரு மோட்டர் நின்றது. பெனடிக்டின் போன் அடித்தது, பெனடிக்ட் ஓடினார், குளம் பிழைத்தது. தன் குளத்துச் செய்தி தனக்கே இரண்டாவதாக வந்ததில் ஹாஜியாருக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் கருவியை வைத்துக்கொண்டார். நல்ல யோசனை சேர் என்று இன்ஷாப் பாராட்டியபோது மஹ்ரூப் மறுக்கவில்லை.

பிறகு ஏன் அவளை எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"கெட்டிக்காரப் புள்ள, எனக்குப் பொய் சொல்ல ஏலா. ஆனா எடுத்தா ஒவ்வொரு நாளும் வருவாளே."

கண்டக்குழிக்குப் போனேன். ஸும்றா இப்போது கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். குளம் பிழைத்ததா என்றுதான் முதலில் கேட்டாள். பிழைத்தது என்றேன்.

"வேல தராட்டிப் பரவாயில்ல. நான் சொன்னது சரி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அதை மஹ்ரூப்பிடம் சேர்ப்பித்தேன். சொல்லத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். போனை எடுத்து அவள் நம்பரையும் தேடிப் பிடித்தார். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது என்று மேசையில் வைத்துவிட்டார். அது நோன்புக்கு முன்னால். இப்போது ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்துவிட்டது, அவளுக்கு அழைப்புப் போகவில்லை.