ஒரு புள்ளி பாக்கி

எழுத்தையெல்லாம் வரிசையாகப் போட்டு, சுற்றிலும் பூவும் கொடியும் படரவிட்டு, ஒற்று எங்கேயும் விட்டுப்போகவில்லையே என்று வாய்விட்டுப் படித்து முடித்த பிறகு, கெங்கா ஒரே ஒரு புள்ளியை மட்டும் எடுத்துவிடுவாள். நடுவில் எங்கேயாவது, அவசரக் கண்ணுக்குப் படாத ஒரு மெய்யெழுத்தின் தலையிலிருந்து. அதற்கப்புறம்தான் மாதிரிப் படம் வாட்ஸ்அப்பில் கிளம்பும். "துட்டு வரட்டும், புள்ளி வரும். அதுவரைக்கும் புள்ளிய நான் வெச்சிகினு கீறேன்" என்பாள்.

பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். கல்யாணப் பலகை, காதுகுத்து பேனர், கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் தெருவில் தொங்குவதில் பாதி அவள் கைவேலை. அச்சடிப்பது வேறு கடை. வேலை கொடுப்பது விழா நடத்திக்கொடுக்கும் காண்டிராக்டர்கள். எல்லாம் போன் வழியாகத்தான். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. முழுப்பெயர் கெங்கம்மாள். "அந்தப் பேர சொன்னா கூழ் ஊத்தக் கூப்புடுவான்க்கா, டிசைன் குடுக்கமாட்டான்" என்று பாதிப் பெயரைத் தானே வெட்டிக்கொண்டாள்.

வேலைக்கு உட்கார்ந்ததும் நெற்றியில் இருக்கிற ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுவாள். கருஞ்சிவப்பில் அகலமான வட்டப் பொட்டு. தகரத்தின் சூட்டில் அது வேர்த்து மூக்குக்கு இறங்கிவிடுமாம். வெளியே கிளம்பும்போது மறுபடி நெற்றிக்கு ஏறும். பசை போகிற வரைக்கும் ஒரே பொட்டுதான். பசை போனவை திரையைச் சுற்றி ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும்.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். அதனால் அவளுக்கு நான் ஓசியில் கிடைத்த அகராதி. மாடிப்படியிலிருந்தே கத்துவாள்: "அக்கா, இங்க ஒத்து வருமா, வராதா?" மீன்காரரிடம் நான் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதும் இதே கேள்விதான். மீன்காரர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "வரும்மா, ரெண்டு துண்டு சேத்துப் போடறேன்" என்று சொன்னதும் உண்டு. தெரியாத காண்டிராக்டர் புதிதாக அழைத்தாலும் என்னிடம் வந்து அதையே கேட்பாள். "கொரல் ரொம்பத் தேனா கீதுக்கா. ஒத்து வருமா?"

புள்ளி வித்தையை அவள் ஆசையாகக் கண்டுபிடிக்கவில்லை. முதலில் மாதிரிப் படத்தின் குறுக்கே தன் பெயரை வெளிறிய எழுத்தில் போட்டுப் பார்த்தாள்; அழித்துவிட்டு அச்சடித்தார்கள். முன்பணம் கேட்டாள், "நம்பிக்கை இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார்கள். திருத்தத்துக்கு மேல் திருத்தம் வாங்கிவிட்டுக் கடைசியில் ஒரு போன் வரும்: "கேன்சல் ஆயிடுச்சும்மா." நடக்காத விழாவுக்குக் கூலி எப்படித் தருவது என்று நியாயம் வேறு கேட்பார்கள். அப்போதெல்லாம் அவள் சொல்லும் பதில் ஒன்று உண்டு, அவர்களிடம் அல்ல, என்னிடம்: "சோத்த ஆக்கி வெச்சப்புறம் பசிக்கலன்னா, போட்ட அரிசி திரும்பி வந்துடுமாக்கா?"

இதில் ஹேமநாதன் ஒரு தனி ரகம். அம்பத்தூர்ப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மேடை, பந்தல், பலகை என்று மொத்தமாகப் பேசி எடுக்கிறவர். அவர் கேன்சல் செய்யும் விழாவிலெல்லாம் மாப்பிள்ளையின் தாத்தா போய்ச் சேர்ந்திருப்பார். "ஒரே தாத்தா எத்தினி வாட்டிக்கா சாவாரு?" என்று கெங்கா கேட்பாள். கேட்டுவிட்டு, அடுத்த வேலைக்கும் ஒப்புக்கொள்வாள். மாட்டேன் என்றால் அந்த மாதம் ரேஷன் அரிசியோடு நின்றுவிடும்.

போன மாதம் ஹேமநாதன் தாத்தாவை விட்டுவிட்டார். கொரட்டூரில் ஒரு கல்யாணத்துக்கு வாசல் பலகை, மேடைத் திரை, பத்திரிகை எல்லாம் போட்டுக்கொடுத்திருந்தாள். தேன்குரலைக் கம்மவைத்து, துக்கமாக, "கல்யாணமே நின்னுபோச்சும்மா. பொண்ணுக்கு ஏதோ பிரச்சனையாம், வெளில சொல்ல முடியல" என்றார். கூலியைப் பற்றி இவள் பேச்செடுக்கவே இல்லை. அன்றைக்கு மாடியில் சமையல் வாசனையும் வரவில்லை. "ரோஷினின்னு பேருக்கா அந்தப் பொண்ணுக்கு. ஃபோட்டோல சிரிச்சிகினு கீது. பாவம், எப்டி தாங்கும்?" என்று படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

அந்தப் பெண்ணின் வரவேற்பு நடந்துகொண்டிருக்கும்போதே அச்சுக்கடை வேலுசாமியிடமிருந்து படம் வந்தது. புள்ளி வித்தை தெரிந்த வேலுசாமி அதே மண்டபத்துக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறார்; பலகை அவர் கடையில் அச்சானதல்ல. வாசலில் பூவலங்காரத்துக்கு நடுவே கெங்காவின் பலகை. கீழே ஒரு வரி: "கெங்கா, இதுல உன் புள்ளிய காணோமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூலியில் ஏமாற்றுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. கூலி கொடுக்காமல் இருப்பதற்காக வாய் கூசாமல் ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்திவிடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். அவளுக்கு ஏதோ பிரச்சனை என்று வேறு சொல்லியிருக்கிறான்! கெங்கா திரையோரத்திலிருந்து பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். "வாக்கா. அந்தப் பேமானி மானத்த இன்னிக்கி கப்பலேத்திட்டுத்தான் சோறு."

ரயிலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் ஒழுங்காக இருந்தன. மணமகளின் பெயருக்கு முன்னால் மட்டும், 'திருநிறைச்செல்வி' என்று இருக்கவேண்டிய இடத்தில், லகரத்தின் தலை மொட்டையாக இருந்தது. திருநிறைச்செலவி ரோஷினி.

"என்னடி, செலவின்னு வச்சிருக்க?"

அவளும் அப்போதுதான் சேர்த்துப் படித்தாள். புள்ளியை எடுக்கும்போது எழுத்தைத்தான் பார்ப்பாள். மிச்சம் என்ன சொல்லாகிறது என்று பார்ப்பதில்லை. இரண்டு பேரும் அம்பத்தூர் வரைக்கும் சிரித்தோம். எதிர் இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். "ஹேமநாதனுக்கு நல்லா வேணும்க்கா. ஊரே கேக்கும், யாரு போட்டதுன்னு." திருத்தின படம் அவள் போனில் தயாராக இருந்தது, புள்ளியோடு.

மண்டப வாசலிலும் சிரிப்புதான். ஆனால் அது எங்கள் சிரிப்பு இல்லை. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அந்தச் சொல்லுக்கு விரலை நீட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "மச்சான், செலவி வந்தாச்சுடா! பர்ஸ உள்பாக்கெட்ல வை!" மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். பலகை ஆளுயரம். அதை ஒட்டிப் பட்டு வேட்டியில் ஒருவர், வருகிறவர்களைக் கும்பிட்டபடி நின்றார். பெண்ணின் அப்பா பச்சையப்பன் அவர்தான் என்று வேலுசாமி சொன்னார். நின்ற இடத்திலிருந்து அவர் நகரவே இல்லை. யாராவது போனைத் தூக்கினால் அந்தப் பக்கம் ஒரு சாய்வு சாய்ந்து, தோளால் அந்தச் சொல்லை மறைத்துக்கொண்டார். கும்பிட்ட கை மட்டும் இறங்கவில்லை.

கெங்காவின் முகத்தைப் பார்த்தேன். ரயிலில் சிரித்தவள் இவள் இல்லை.

உள்ளேயிருந்து சஃபாரி சட்டையில் ஒருவர் வந்தார். வாயைத் திறந்ததும் கெங்கா என் கையைப் பிடித்தாள். போனில் கேட்ட ஹேமநாதனின் அதே தேன்குரல். எங்களுக்கு முன்னால்தான் நின்று பச்சையப்பனிடம் பேசினார். அவருக்கு நாங்களும் இரண்டு விருந்தாளிகள்.

"சார், டிசைன் போட்ட பொம்பளைக்கு எழுத்து சரியா தெரியாது. நானும் பாவம்னு வேல குடுத்தேன். கவலைப்படாதீங்க, உங்களுக்காக அவளுக்கு ஒரு பைசா குடுக்கல, கட் பண்ணிட்டேன்."

காது கேட்டதை மனசு ஏற்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நின்றுபோன கல்யாணத்தில், கொடுக்காத கூலியைத் தண்டனையாகப் பிடித்துக்கொண்டதாக ஒரு மனிதன் சொல்கிறான். நல்ல பெயரும் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான்!

பச்சையப்பன் அவரைத் திட்டவில்லை. கும்பிட்ட கையைக் கடைசியில் இறக்கினார். "நான் உங்களுக்கு முழுசா குடுத்துட்டேனே சார். சீர் விஷயத்துல அவங்க ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்காங்க. இப்ப இத வச்சே பேசுவாங்க. எம் பொண்ணு உள்ள அழுவுது." தோளால் மறைத்திருந்த சொல்லைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு அவ செலவா சார்?"

"சொல்லுடி" என்று கெங்காவின் முதுகில் குத்தினேன். நேரம் அதுதான். பெண்ணின் அப்பா எதிரே இருந்தார், வேலுசாமி சாட்சி, கை நீட்டினால் ஹேமநாதன் சட்டை. விட்டுப்போன அந்தப் புள்ளிதான் அவள் கையெழுத்து. அது விட்டுப்போயிருக்கிற வரைக்கும்தான் அவளிடம் அத்தாட்சி.

கெங்கா முன்னால் போனாள். போனில் படம் திறந்தே இருந்தது. ஹேமநாதனை ஒருதரம் பார்த்தாள். செல்ஃபி எடுக்கிற பையன்களைப் பார்த்தாள். போனை அணைத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"நைனா, கொஞ்சம் ஒதுங்கு."

பச்சையப்பன் புரியாமல் விலகினார். கெங்கா நெற்றியிலிருந்த பொட்டைப் பிய்த்து எடுத்தாள். குதிகாலைத் தூக்கி எட்டி, லகரத்தின் தலையில் அதை வைத்து, பசை பிடிக்கிறவரைக்கும் கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றாள்.