பதினோராம் நாள் நின்ற போர்டு

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இருதயராஜின் மகள் ஷீலா, போசரித் தொழிற்பேட்டையில் எங்கள் சின்ன கம்பெனியில் ஒப்பந்த ஊழியர். டிப்ளமா படித்தவர். விண்கலத்தில் போகும் ஒரு பழைய சிப்புக்கு நிரல் எழுத எங்களில் அவருக்கு மட்டும்தான் தெரியும். கதிர்வீச்சு பட்டாலும் கலங்காத சிப். எண்களைத் தட்டு மேல் தட்டாக அடுக்கி, மேலே இருப்பதை முதலில் எடுக்கும். மொத்தம் 256 தட்டுக்குத்தான் இடம். பட்டதாரிகளான நாங்கள் தொட்டால் அடுக்கு சரிந்துவிடும்.

அந்தச் சிப் வைத்த சர்க்யூட் போர்டு ஒன்று, ஷீலாவின் நிரலோடு, இன்னும் ஏவாத விண்கலத்தில் பொருத்தப் போய்விட்டது. அதன் ஜோடி எங்களிடம் இரண்டு மாதமாகச் சோதனையில் ஓடியது. வியாழக்கிழமை எங்கள் பேட்டையில் கரண்ட் கிடையாது. புதன் மாலை நான் அணைப்பேன், வெள்ளி காலை போடுவேன். ஒரு குறையும் தெரியவில்லை.

கணபதி விழா என்று ஒரு வியாழன் கரண்ட்டை நிறுத்தாமல் விட்டார்கள். அணைக்காமல் ஓடிய பதினோராம் நாள் போர்டும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

ஷீலா மதியத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தார். மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்க்கும் இடத்தில், ஓர் எண்ணை எடுக்காமல் விட்டிருந்தார். மணிக்கு ஒன்றாகச் சேர்ந்து அடுக்கு நிரம்பிவிட்டது. வாராவாரம் நான் அணைத்தபோதெல்லாம் அது காலியாகியிருக்கிறது.

மாதக் கடைசியில் ஷீலாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். மேலாளர் ஹரீஷ் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். இந்த மாதிரி யோசனையெல்லாம் நல்ல மனிதர்கள்தான் சொல்வார்கள்.

“கரண்ட்டு ட்ரிப் ஆயிருச்சுன்னு எழுதிப்போடுங்க ஷீலா. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“மேல போயி நின்னுடுச்சுன்னா யாரு சார் போயி ஆன் பண்றது?”

ஷீலா பழுதுப் படிவத்தில் ‘நிரலில் தவறு, என்னுடையது’ என்று எழுதினார். வாராவாரம் சுவிட்சை அணைத்தவன் பெயர் அதில் இல்லை. சேர்க்கும்படி நானும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

விண்கலத்துக்குப் போன போர்டு திரும்பி வந்தது. நிரலில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார் ஷீலா. ஜெனரேட்டர் வைத்து இருபது நாள் நிறுத்தாமல் ஓட்டச் சொன்னார். ஆறாம் நாள் மாதம் முடிந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை ஷீலா வாசலில் நின்றிருந்தார். நான் ஓடிப் போனேன். செக்யூரிட்டி வருகையாளர் நோட்டை நீட்டினார். ‘யாரைப் பார்க்க’ என்ற இடத்தில் என் பெயரை எழுதுவார் என்று நினைத்தேன். போர்டின் எண்ணை எழுதினார்.