தாம்பரத்தை இரண்டாக வெட்டாத கம்ப்யூட்டர்

சிராஜ் பாய் இறந்த செய்தி எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பழைய முதலாளி ஜெயசீலன் சார், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பியிருந்தார். அதிலிருந்த எழுத்துப்பிழைதான் முதலில் கண்ணில் பட்டது. பிழை பார்த்தே பழகிய புத்தி. குரோம்பேட்டை தாண்டிய பிறகுதான் விஷயம் உறைத்தது. பல்லாவரத்தில் இறங்கி எதிர்வண்டியைப் பிடித்தேன்.

இரும்புலியூரில் ஜெயசீலன் சார் நடத்திய டி.டி.பி. சென்டரை இதைப் படிப்பவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எங்கள் கையால்தான் போயிருக்கும். கம்ப்யூட்டர் இரண்டு. ஒன்று பாயுடையது, மற்றது என்னுடையது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னை மேடம் என்பார், பாதி மரியாதை, பாதி கிண்டல்.

ஒரு நாள் அவர் திரையில் தாம்பரம் என்ற சொல்லின் மேல் மவுஸை இரண்டு தட்டு தட்டினார். முழுச்சொல்லும் நிறம் மாற வேண்டும். 'தாம்' மட்டும் மாறியது, 'பரம்' அப்படியே நின்றது. "பாருங்க மேடம், தாம்பரத்துல உக்காந்துகினு தாம்பரத்தையே ரெண்டா வெட்டுது" என்றார். காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். எங்கள் எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கில அரைப்புள்ளி விசையில் உட்கார்ந்திருந்தது. நமக்குத் தெரிவது புள்ளி. நாங்கள் தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருளுக்குத் தெரிவது அரைப்புள்ளி. அதைக் கண்டதும் சொல் முடிந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது.

எடிட்டரின் செட்டிங்ஸில், எவையெல்லாம் சொல்லுக்குள் வரும் எழுத்துகள் என்று ஒரு பட்டியல் உண்டு. பாய் ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டி, அரைப்புள்ளியையும் இன்னும் சில குறிகளையும் சேர்த்தார். அன்றிலிருந்து அவர் கம்ப்யூட்டரில் தாம்பரம் முழுதாக இருந்தது. "அதுக்கு இன்னா தெரியும்? நாமதான் சொல்லணும்" என்று என் கம்ப்யூட்டரிலும் மாற்ற வந்தார். என் பொருளில் யாரும் கை வைத்தால் எனக்குப் பிடிக்காது. வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

அடுத்த மாதம் ஒரு கிறிஸ்தவ சபையின் குடும்ப விவரப் புத்தகம் வேலைக்கு வந்தது. அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாளில், துரை என்ற சபைப் பெரியவர் இறந்துபோனார். அவர் பெயர் வரும் இடங்களிலெல்லாம் முன்னால் அமரர் என்று போடச் சொல்லி போன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். "அவசரம்னா உக்காந்து பண்ணுங்க மேடம், நின்னுகினு பண்ணாதீங்க" என்பது அவர் எப்போதும் சொல்வது. நான் தோளில் கைப்பையோடு நின்றுகொண்டே, என் கம்ப்யூட்டரில், துரை என்று தேடக் கொடுத்து, முழுச்சொல் மட்டும் என்று குறித்து, எல்லாவற்றையும் மாற்று என்று அழுத்தினேன். வீட்டுக்குப் போகும் அவசரம்.

புத்தகம் வெளியான மறுநாள் செல்லத்துரை என்று ஒருவர் கடைக்கு வந்தார். செம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். "ஏம்பா, நான் செத்துட்டேன்னு எங்க வீட்ல யாருமே சொல்லலியே?" என்றபடி பக்கத்தைத் திறந்து காட்டினார். 'செல்லத்அமரர் துரை' என்றிருந்தது. பால்துரை, தங்கத்துரை என, பெயரில் துரைக்கு முன்னால் புள்ளி வைத்த எழுத்து நின்ற அத்தனை பேரையும் நான் அமரராக்கியிருந்தேன். புள்ளியோடு சொல் முடிந்தது என்று நினைத்த என் கம்ப்யூட்டர், அதற்குப் பின்னால் வந்த துரையைத் தனிச்சொல்லாக எடுத்துக்கொண்டிருந்தது. எட்டுப் பேர், எட்டுப் பேரும் நல்ல திடகாத்திரம்.

"யாரு பண்ண வேலை இது?" என்று கேட்டார் முதலாளி. ஒரு பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை மாற்றிப் போட்டு, இன்னொரு தடவை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். எங்கள் வீட்டில் அப்போது வேலைக்குப் போனது நான் ஒருத்திதான். "என் செட்டிங்ஸ்தான் சார் சொதப்பிடிச்சு" என்றார் பாய்.

அன்றே அதை அழிக்கச் சொன்னார் முதலாளி. இனி எதையும் நோண்டக் கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். பிறகு, "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "என்னை அவரு தொரத்த மாட்டாரு. நீங்க போனா போனதுதான். வுடுங்க" என்றார். நான் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நான் அங்கிருந்த நாலு வருடமும் அவர் துண்டு துண்டான சொற்களோடுதான் வேலை செய்தார். ஒரு சொல்லைப் பிடிக்க அம்புக்குறி விசையை எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டு போவார். அந்தச் சத்தம் எதிர் மேஜையிலிருந்த எனக்குக் கேட்கும். 'அமரர் பாய்' என்று கடைக்கு வருபவர்கள் கூப்பிட்டால் சிரிப்பார். அப்போது ஒருமுறைகூட அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

எஸ்.எம்.எஸ். பார்த்துத் திரும்பி நான் பாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வீட்டில் ஜெயசீலன் சார், கண்ணைத் துடைத்துக்கொண்டே, சிராஜ் எட்டுப் பேரைச் சாகடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். பாயின் மனைவி மும்தாஜ் அக்கா மட்டும், "அப்படியா? வூட்ல ஒண்ணும் சொன்னதில்லியே" என்றார். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

அவரைத் தெரிந்த நீங்கள் அந்தக் கதையை இன்னும் பல இடங்களில் சொல்வீர்கள். அவருடைய செட்டிங்ஸ் சரியாகத்தான் இருந்தது. அவர் கம்ப்யூட்டரில் அழுத்தியிருந்தால் ஒரு துரைதான் அமரர் ஆகியிருப்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு போவது ஒன்றே ஒன்று, இத்தனை வருடம் அவர் பெயரில் இருந்த அந்தத் தவறு. அது என்னுடையது, மும்தாஜ் அக்கா.