மாப்பிள்ளை சமைத்த கறிவிருந்து

புது மாப்பிள்ளைக்குக் கறிவிருந்து போடாமல் விட்டால் எங்கள் பக்கத்தில் அது ஆயுசுக்கும் பேச்சாக நிற்கும். அக்காவின் கல்யாணம் முடிந்த கையோடு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால் எங்கள் வீட்டு விருந்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவர் வீடு திரும்பிக் கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துப் பெரம்பலூரில் மாமியார் வீட்டில் இருந்த அக்காவுக்குப் போன் செய்துவிட்டாள். அந்த ஞாயிறுக்காக எல்லோரையும்விட அதிகமாகக் காத்திருந்தவள் நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா ஆட்டுக் கொத்துக்கறியை அரைத்து உருட்டிக் கோலா உருண்டை செய்வதாகச் சொல்லியிருந்தாள்.

வீட்டில் உண்மையான கவலை வேறு. ரெட்டிபாளையத்தில் அப்பாவோடு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும், அவர் எப்படிப்பட்ட சாப்பாட்டு ராமன் என்று. அவருக்கு எண்ணெய் கூடாது, ஆட்டுக்கறி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஓட்ஸ் கஞ்சி போன கிண்ணம் பாதி அப்படியே திரும்பி வரும். பேச்சும் குறைந்துபோனது. ஆள் இப்படியே கரைந்துவிடுவாரோ என்று அம்மா பயந்தாள். அந்தப் பயம் எனக்கு எட்டவில்லை. கஞ்சி பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் பிடிக்காதே.

ஞாயிறு காலை அக்காவும் மாப்பிள்ளையும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்றதால் எனக்கும் மனசுக்குள் அவர் மாப்பிள்ளைதான். சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் வெளிநாட்டுச் சாப்பாடு சமைப்பவர், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார். கொத்துக்கறி தூக்குவாளியில் தயாராக இருந்தது. அப்போதுதான் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மாவிடம் சொன்னார்.

"நீ அவர ஒக்கார வச்சி நல்லாப் போடு. நான் உள்ளயே குடிச்சிக்கிறேன். நாலு பேரு நடுவுல கஞ்சியக் குடிச்சிக்கிட்டு ஒக்கார என்னால ஆவாது."

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கறிவிருந்தில் மாமனார் பக்கத்தில் உட்காராமல் மாப்பிள்ளை இலையில் கை வைப்பதில்லை. மாமனார் உட்காரவில்லை என்றால் அவமரியாதை. மாப்பிள்ளை அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"அப்ப எனக்கும் அந்தக் கஞ்சியவே ஊத்திடுங்க அத்தை."

"என்னங்க மாப்ள இப்புடிச் சொல்றீங்க? விருந்துக்கு வந்தவருக்குக் கஞ்சி ஊத்துனேன்னு ஊரே சிரிக்குங்க."

"கஞ்சி வாணாம்னா அடுப்ப என்கிட்ட குடுங்க. மாமாவும் நானும் ஒண்ணா சாப்புடுற மாதிரி இத்தாலிச் சாப்பாடு ஒண்ணு பண்றேன். ஆட்டுக்கறி எனக்கும் ஒத்துக்காது."

அக்கா சட்டென்று அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதற்கப்புறம் எத்தனையோ விசேஷங்களில் அந்த மனிதர் நல்லி எலும்பை உறிஞ்சுகிற அழகைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் சொன்னதை நம்பி, ஆட்டுக்கறி ஒத்துக்காத ஒருத்தரைப் பார்த்தா அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று எரிச்சல்பட்டேன்.

வாசனை அப்பாவைப் படுத்தக் கூடாது என்று தூக்குவாளியை எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வரச்சொன்னாள் அம்மா. என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தெருவை அவ்வளவு மெதுவாக நான் கடந்ததே இல்லை.

மாப்பிள்ளை அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு அரியலூருக்குப் போய் எலும்பில்லாத கோழிக்கறியும் பாஸ்தா பாக்கெட்டும் வாங்கி வந்தார். புது வேட்டியின் மேல் அக்காவின் பழைய துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை சமைக்கிறார் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அம்மா தெருக்கதவைச் சாத்தி என்னை வெளியே காவல் வைத்தாள். தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க வந்த பெரியம்மா, "எங்கடி மாப்ள?" என்றார். "தூங்குறாங்க" என்றேன். உள்ளே மிக்ஸி கர்ரென்று ஓடியது. பெரியம்மா கதவை ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் உள்ளே ஓடியபோது மாப்பிள்ளை அரைத்த கோழிக்கறியில் பூண்டும் வெங்காயமும் கலந்து, ரஸ்குத்தூளுக்குப் பதிலாக அப்பா வெறுத்த அதே ஓட்ஸைப் பொடித்துப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். எண்ணெயில் பொரிக்காமல், பணியாரக்கல்லில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பிச் சுட்டார். பிறகு கொதிக்கும் தக்காளிச் சாற்றில் அவற்றைப் போட்டார். பாஸ்தாவை வெந்நீரில் வேகவைத்து வடித்துவிட்டு அவர் முகம் கழுவப் போனதுதான் தாமதம், அம்மா ஒரு கரண்டியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து அதன் தலையில் கொட்டிவிட்டாள். தாளிக்காத பண்டத்தை மாப்பிள்ளை இலையில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்தவர் கடுகைப் பார்த்தார். "நல்ல வாசமா இருக்குங்க அத்தை" என்று சொல்லிக் கிளறினார்.

கூடத்தில் இரண்டு இலை போட்டாயிற்று. மாப்பிள்ளை ஓர் இலையின் முன்னால் உட்கார்ந்து பக்கத்து இலையைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா அறைக்குள் போய் மெதுவாக ஏதோ சொன்னாள். பிறகு அப்பா வெளியே வந்தார். கதவோரம் நின்று மாப்பிள்ளையின் வேட்டியில் இருந்த தக்காளிக் கறையைப் பார்த்தார். சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னத்த மாப்ள இது, ரப்பர் குழாயாட்டம் இருக்கு?"

"சும்மா புடிச்சி இழுங்க மாமா. அறுந்துடும்."

அப்பா சிரித்துவிட்டார். தக்காளிச் சாறு இலையில் ஓட, இரண்டு பேரும் அதைக் கையால் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். ஆலையில் நடந்த பழைய கதை ஒன்றை அப்பா எடுத்துவிட்டார். இலை காலியானதும், "உருண்ட இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

அம்மா பரிமாறினாள். அடுத்த நிமிஷம் அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. நான் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த அதே துக்கம்தான்.

"அழுவாதம்மா" என்றேன். "அடுத்த வாரம் வேற கறி வாங்கிக் கோலா உருண்ட பண்ணிக்கலாம்."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். அவளுக்கும் அந்தக் கறியின் மேல் இவ்வளவு ஆசை இருந்திருக்கிறதே என்று எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது.