ப்ளைமிக்கு அர்த்தம்

ப்ளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் இருந்த கோடையில் என் வாயில் ஒரு வெள்ளைக்காரச் சொல் குடியேறியது. ப்ளைமி! திண்டிவனத்துப் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் படக்கதைப் புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது. அதில் யார் மாடிப்படியில் உருண்டாலும், எந்த வீட்டில் திருடன் நுழைந்தாலும், பக்கத்தில் நிற்கிறவன் கண்ணை உருட்டிக்கொண்டு அதைத்தான் சொல்வான். நம் ஊர் 'அய்யய்யோ' போலத்தான் என்று புரிந்துவிட்டது. அப்புறம் விடுவேனா? பால் பொங்கினால் ப்ளைமி, பஸ் போய்விட்டால் ப்ளைமி, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டால் இரண்டு ப்ளைமி.

எங்கள் தெருவில் எல்லாரும் கத்தோலிக்கக் குடும்பங்கள். திடுக்கிட்டால் "சேசு மரி சூசை" என்று நெஞ்சில் கை வைப்பார்கள். அம்மாவும் அப்படித்தான். ஒலக்கூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலைக்குப் போவாள். அப்பாவுக்கு பெங்களூரில் கட்டட வேலை, கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார். அதனால் வீட்டில் எந்தக் காகிதமானாலும் அம்மாவின் கைநாட்டுதான்.

அந்த ஜூனில் ஒரு காகிதம் இருந்தது. திண்டிவனத்துக் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் சேர விண்ணப்பம். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் நர்ஸ் ஆக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நான் அழுது அடம்பிடித்ததில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கைநாட்டு வைப்பதாகச் சொல்லியிருந்தாள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதற்காக விழுப்புரம் போனேன். விழுப்புரம் தனி மாவட்டமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஒரு நூலகத்தில் பெரிய அகராதி இருக்கிறது, வீட்டுக்குத் தரமாட்டார்கள், உட்கார்ந்து பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பதிவு முடிந்ததும் ஒரே ஓட்டம். கோயில் பீடத்து பைபிள் கனத்துக்கு இருந்தது அந்த அகராதி. நின்றபடியே பக்கத்தைப் புரட்டினேன், அவ்வளவு ஆசை.

இருந்தது! 'கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்' என்ற முழு வாக்கியம்தான் வாய்க்கு வாய் தேய்ந்து ப்ளைமி ஆகியிருக்கிறது. அடுத்து, அதே படக்கதையில் வரும் 'காஷ்' என்பதைத் தேடினேன். அது கடவுள் பெயரை நேரடியாகச் சொல்லப் பயந்து மாற்றிச் சொன்னதாம். 'ஜீஸ்' பார்த்தால் நம்ம சேசுவேதான்! வெள்ளைக்காரனும் பயந்தால் சாமியைத்தான் கூப்பிடுகிறான், அதுவும் திருட்டுத்தனமாக. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நூலகர் நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா, டிக்ஷனரியில ஜோக்கா போட்டுக்கிறாங்க?" என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டு அம்மாவிடம் சொல்லலாமா என்று வாய் துடித்தது. இங்கிலீஷ் என்பது எங்கோ மேலே இருக்கிற சமாச்சாரம் என்று பயந்து கிடந்தவளுக்கு, அதன் ஓட்டை ஒன்றில் எட்டிப் பார்த்த சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும்.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "கண்ணு குருடாவட்டும்னா இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்த? சாமி பேர வெச்சி?"

"அது சும்மாம்மா. ஆச்சரியத்துக்குச் சொல்றது."

"சாமிக்கு சும்மா எது, நெசம் எதுன்னு தெரியுமா? கேட்டத குடுக்கறவருடி அவரு. சனிக்கெழம போயி பாவசங்கீர்த்தனம் பண்ணு. எத்தினி வாட்டி சொன்ன?"

எண்ணிக்கை சொல்லாமல் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாளைக்குப் பத்து என்று நான் சொன்னேன், இருபதுக்குக் குறையாது என்று அம்மா சண்டை போட்டாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான்.

சிரிப்பெல்லாம் சனிக்கிழமை காலை வரைதான். எழுந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை ஒட்டிக்கொண்டு, உள்ளே மணல் அள்ளிப் போட்டது போல உறுத்தல். கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் மிளகாய்ப்பழம். மெட்ராஸ் ஐ! ஊரில் பாதிப் பேருக்கு வந்திருந்தது. ஆனால் பாதிப் பேர் ப்ளைமி சொல்லவில்லையே.

அம்மா, கண்ணுக்குக் காவலான புனிதை லூசியம்மாளுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். கோயில் தீர்த்தத்தை என் கண்ணில் விட்டாள், வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தாள், அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். ஞாயிறு பூசை முடிந்து வந்தவளிடம் விண்ணப்பத்தை நீட்டினேன்.

"எனக்கு இருக்கறது ஒரு பொண்ணு. கண்ணப் புடுங்கற பாஷைக்கு நான் கைநாட்டு வெக்கமாட்டேன்."

திங்கள், செவ்வாய், புதன். கெஞ்சினேன், பட்டினி கிடந்தேன், கிருமியால் வருகிற நோய் இது என்று விளக்கினேன். எதுவும் எடுபடவில்லை. எனக்கு வந்த கோபத்தில், எழுத்தே தெரியாத உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். கேட்ட மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை அம்மாவுக்கும் கண் சிவந்துவிட்டது.

அந்தக் கண்ணோடுதான் குழாயடிக்குப் போனாள். குடத்தை வரிசையில் தள்ளி வைத்துவிட்டாள் என்று எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். வீட்டுக்குள் இருந்தே கேட்டது. ஒன்றுக்கு இரண்டாகக் கத்தல். கடைசியில் அம்மாவின் குரல் தெருவையே தூக்கியது.

"உங்கொடத்த நான் தொட்டிருந்தா, அந்த ஆண்டவரு எங்கண்ணு ரெண்டையும் அவிச்சிப் போடட்டும்!"

நான் பாயிலிருந்து துள்ளி எழுந்தேன். விழுப்புரத்து அகராதியில் இருந்த அதே வாக்கியம், ஒரு சொல் குறையாமல்! பிறந்ததிலிருந்து வாரத்துக்கு நாலு தடவை கேட்ட சத்தியம், என் காதில் இத்தனை நாள் விழவே இல்லையே! எவளோ ஒரு வெள்ளைக்காரி குழாயடியில் கத்தியதுதான் தேய்ந்து தேய்ந்து என் படக்கதைக்கு வந்திருக்கிறது. எனக்கு அப்போதே ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வெளியே சத்தமே இல்லை. சத்தியம் பண்ணினவளுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போல. கொஞ்ச நேரத்தில் குடத்தோடு உள்ளே வந்தாள். குடத்தை இறக்கிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். வீங்கிய கண்ணோடு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவளுக்குத்தான் முதலில் வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணீரும் சிரிப்புமாக.

"எம்மாடி, நான் எத்தினி சத்தியம் பண்ணியிருப்பேன்! அதுக்கெல்லாம் சேத்து குடுத்திருந்தா நான் பொறந்த வருசமே குருடாயிருக்கணும்டி."

"அதத்தாம்மா அவங்களும் சொல்றாங்க. உன்ன மாதிரியே."

"என்ன மாதிரியா? வெள்ளக்காரிங்களா?"

"உன்ன மாதிரியேதான்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தக் காகிதத்த எட்த்தா," என்றாள்.

மை டப்பா இல்லை. பேனா ரீஃபிளை ஊதி அவள் பெருவிரலில் தடவினேன். சிரித்து வழிந்த கண்ணீரில் அவளுக்குக் கண் எரிந்து முழுசாக மூடிக்கொண்டுவிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியல. எங்க வெக்கணுமோ நீயே புடிச்சி வெய்யி," என்று கையை நீட்டினாள். கட்டத்துக்கு மேலே விரலைக் கொண்டுபோனபோது நிறுத்தினாள்.

"இது காலேஜி காகிதந்தான?"

"ஆமாம்மா. சத்தியமா, என் கண்ணு..."

இன்னொரு கையால் தடவித் தடவி என் வாயைக் கண்டுபிடித்துப் பொத்தினாள்.

"சத்தியம்லாம் வேணாம்டி. நீ சொன்னா போதும்."